ஃபில்லர் எபிசோடுகள்: எதைத் தாண்டலாம், எதைத் தாண்டக் கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபில்லர் என்று எதைச் சொல்கிறோம்?

மாங்காவில் (ஜப்பானியப் படக்கதையில்) இல்லாத கதையை அனிமே (அதிலிருந்து எடுக்கும் அனிமேஷன் தொடர்) குழுவே எழுதி, தொடரின் நடுவில் சேர்த்தால் அது ஃபில்லர். ஆனால் ரசிகர்கள் நான்கு வேறு வேறு சங்கதிகளை இந்த ஒரே பெயரில் திட்டுகிறார்கள். முதலாவது, முழு எபிசோடும் புதுக்கதையாக இருப்பது. இரண்டாவது, பாதி மாங்கா, பாதி சொந்தச் சரக்கு. இதைக் கலப்பு என்போம். மூன்றாவது, பழைய காட்சிகளைத் தொகுத்துப் போடும் நினைவூட்டல் எபிசோட். நான்காவது இழுவை: கதை மாங்காவுடையதுதான், ஆனால் 8 நிமிடச் சரக்கை 20 நிமிடத்துக்கு நீட்டியிருப்பார்கள். முதலாவதையும் மூன்றாவதையும் எண்ணைப் பார்த்துத் தாண்டிவிடலாம். கலப்பைப் பார்த்துவிடுவது நல்லது. நான்காவதைத் தாண்ட வழியில்லை, ஏனென்றால் கதையே அதற்குள்தான் இருக்கிறது.

கதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஏன் இதைச் செய்கிறார்கள்?

எல்லாம் கணக்குதான். வாராந்திர ஷோனென் ஜம்ப் இதழில் ஓர் அத்தியாயம் சுமார் 19 பக்கம் வரும். அதை இயல்பான வேகத்தில் படமாக்கினால் 8 முதல் 10 நிமிடம் ஓடும். அரைமணி நேர ஒளிபரப்பில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 24 நிமிடம். அதில் தொடக்கப் பாட்டு ஒன்றரை நிமிடம், முடிவுப் பாட்டு ஒன்றரை நிமிடம், அடுத்த வார முன்னோட்டம் அரை நிமிடம் என்று போனால் கதைக்குக் கிடைப்பது சுமார் 20 நிமிடம். ஆக ஒரு எபிசோட் இரண்டு அத்தியாயங்களை விழுங்கிவிடும்.

ஆண்டுக்கு 48 எபிசோட் என்று வைத்தால் 96 அத்தியாயங்கள் தேவை. இதழோ புத்தாண்டு, மே மாத விடுமுறை, ஆகஸ்ட் விடுமுறைக்கெல்லாம் இரட்டை இதழாக வருவதால், ஆண்டுக்கு 48-ஐ ஒட்டித்தான் வெளியாகும். ஆசிரியர் எடுக்கும் விடுப்பையும் கழித்தால் அதற்கும் குறைவு. ஒவ்வோர் ஆண்டும் கையிருப்பு 50 அத்தியாயம் கரைகிறது.

நருட்டோவில் இந்தக் கணக்கு அப்படியே பலித்தது. மாசாஷி கிஷிமோட்டோவின் மாங்கா 1999 செப்டம்பரில் தொடங்கியது; அனிமே 2002 அக்டோபரில் வந்தது. மூன்றாண்டுக் கையிருப்பு என்றால் 140 அத்தியாயம் சொச்சம். அது கரைய மூன்றாண்டுகூட ஆகவில்லை. 2005-இல் 135-ஆவது எபிசோடோடு, 238-ஆவது அத்தியாயத்தில், முதல் பாகத்தின் கதை தீர்ந்துவிட்டது. இரண்டாம் பாகத்தின் ஆரம்ப அத்தியாயங்கள் மட்டுமே அப்போது வெளியாகியிருந்தன. விளைவு, 2007 பிப்ரவரி வரை ஏறக்குறைய முழுக்க ஃபில்லர்.

அப்படியானால் தொடரை நிறுத்திவிட்டுப் பிறகு தொடங்கியிருக்கலாமே?

இன்றைக்கு அப்படித்தான் செய்கிறார்கள். அன்றைக்கு அது எளிதாக இருக்கவில்லை. டிவி சேனலில் வார நாள் மாலை நேரத்தில் ஓர் இடம் கிடைத்தால், அதை ஒருமுறை விட்டால் திரும்பக் கிடைப்பது நிச்சயமில்லை. அந்த இடத்தை நம்பித்தான் பொம்மை, கார்டு, வீடியோ கேம், மாங்கா தொகுதி எல்லாம் விற்கின்றன. தயாரிப்புக் குழுவில் பணம் போட்டிருக்கும் பதிப்பகம், சேனல், பொம்மைக் கம்பெனி, ஸ்டுடியோ ஆகிய யாருக்கும் தொடர் திரையிலிருந்து மறைவதில் லாபமில்லை. ஸ்டுடியோவுக்குள்ளும் சிக்கல் உண்டு. வாராவாரம் ஓர் எபிசோட் முடிக்க ஐந்தாறு குழுக்கள் சுழற்சியில் வேலை செய்யும். ஓராண்டு நிறுத்தினால் அந்தக் குழுக்கள் வேறு தொடர்களுக்குப் போய்விடும். திரும்பச் சேர்ப்பது புதிதாகத் தொடங்குவதற்குச் சமம்.

இந்த நெருக்கடியைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஃபில்லர் எழுதியவர்கள் மேல் இருக்கும் கோபம் கொஞ்சம் தணியும். அவர்களுக்கு வரைந்து வைத்த மாங்கா பக்கம் இல்லை. ஸ்டோரிபோர்டுக்கு அடிப்படை இல்லை. ஆனால் கெடு மட்டும் அதே வாரக் கெடு.

எல்லா ஃபில்லர் கதையும் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பது ஏன்?

கதை முடியும்போது எல்லாம் பழைய நிலைக்கே திரும்பியிருக்க வேண்டும், அதனால்தான். நாயகன் புது வித்தை கற்கக் கூடாது, ஏனென்றால் மாங்காவில் அடுத்த சண்டையில் அது இருக்காது. முக்கியப் பாத்திரம் யாரும் சாகக் கூடாது, ஆறாத காயமும் படக் கூடாது. ஆசிரியர் இன்னும் வெளியிடாத ரகசியத்தைத் தொடக் கூடாது. இத்தனை தடைக்குள் எழுதக்கூடிய கதை ஒன்றே ஒன்றுதான்: புது ஊர், அங்கே ஒரு புது ஆள், அவருக்கு ஒரு பழைய துயரம், ஒரு வில்லன், கடைசியில் கண்ணீரோடு பிரிவு. அந்த ஆளின் பெயரை அதற்குப் பிறகு யாரும் உச்சரிக்க மாட்டார்கள்.

ப்ளீச்சின் அமாகாய் ஷூசுகே இதற்கு நல்ல உதாரணம். துரோகம் செய்துவிட்டுப் போன இச்சிமாரு ஜின்னின் மூன்றாம் படைப்பிரிவுக்குப் புதிய தலைவராக வருகிறார். 22 எபிசோட் ஓடுகிறார். கதை மாங்காவுக்குத் திரும்பியதும் அப்படி ஒரு தலைவர் இருந்ததாகவே யாரும் காட்டிக்கொள்வதில்லை.

நருட்டோ முதல் தொடரில் எந்த எண்களைத் தாண்டலாம்?

26, 97, 101 முதல் 106 வரை, 136 முதல் 140 வரை, 143 முதல் 219 வரை. மொத்தம் 90 எபிசோட். 220-இல் 41 சதவீதம். பாட்டுகளைக் கழித்து 20 நிமிடம் என்று வைத்தாலும் 30 மணி நேரம் மிச்சம்.

பார்க்க வேண்டிய வரிசை: 1–25, 27–96, 98–100, 107–135, 141, 142, 220. இதில் 141-உம் 142-உம் கலப்பு. 141-இல் சகுரா சுனாதேயிடம் சீடராகச் சேரும் காட்சி இருக்கிறது. அதை விட்டுவிட்டு நருட்டோவின் இரண்டாம் தொடரான ஷிப்புடென் தொடங்கினால், தரையை ஒரே குத்தில் பிளக்கும் சகுரா எங்கிருந்து வந்தார் என்று விழிக்க வேண்டியிருக்கும். 220-இல் நருட்டோ ஜிராயாவோடு ஊரைவிட்டுப் புறப்படுகிறார். அதையும் தவறவிட வேண்டாம்.

101-ஐ மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பது எங்கள் பரிந்துரை. ககாஷியின் முகமூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மூன்று மாணவர்களும் துப்பறியும் எபிசோட் அது. ஃபில்லர்தான், ஆனால் அந்த நால்வருக்குள் இருக்கும் பிரியத்தை அவ்வளவு இயல்பாகக் காட்டும் எபிசோட் தொடரில் அதிகமில்லை.

ஷிப்புடென் 500 எபிசோட். அதில்?

முதலில் ஒரு விஷயம்: ஷிப்புடென் எண் 1-இலிருந்து தொடங்குகிறது, 221-இலிருந்து அல்ல. சில தளங்கள் இரண்டையும் ஒரே வரிசையாகக் காட்டுகின்றன. பட்டியலும் தளமும் பொருந்தாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

பெரிய தொகுதிகள் இவை. 57–70: சோராவும் பன்னிரண்டு காவல் நிஞ்சாக்களும், 71 கலப்பு. 91–112: மூன்று வால் விலங்கு. 144–151: ஆறு வால் விலங்கு. 176–196: பெரும்பாலும் கோனோஹாவின் பழைய நாள்கள். 223–242: கப்பல் பயணம். 284–295, 303–320: போர்க்களத்தின் ஓரக் கதைகள். 349–361: ககாஷியின் ஆன்பு (ANBU) ரகசியப் படை நாள்கள். 394–413: ஒரு சூனின் தேர்வு. 427–450: கனவு உலகக் கதைகளும், ஜிராயா எழுதிய நூலாக வரும் நீண்ட கதையும். சின்னச் சின்னதாக இன்னும் பல உண்டு. எல்லாம் சேர்த்தால் தொடரில் 40 சதவீதத்துக்கு மேல்.

இவற்றில் 394-க்குப் பிறகு வருவனதான் மிகவும் வலிக்கும். உலகமே அழியப்போகும் போரின் உச்சத்தில், 20 எபிசோட் நீளத்துக்குப் பழைய தேர்வு ஒன்றை நடுவில் செருகியிருக்கிறார்கள். தயங்காமல் தாண்டுங்கள்.

தாண்டவே கூடாத இரண்டு: 119, 120. சசுகே ஆள் சேர்க்கும் கதைக்கு நடுவே திடீரென்று சிறுவயதுக் ககாஷியும் ஒபிட்டோவும் வருவதால், பலர் இதை ஃபில்லர் என்று நினைத்து ஓட்டிவிடுகிறார்கள். இது மாங்காவின் 239 முதல் 244 வரையிலான அத்தியாயங்கள். முதல் பாகத்துக்கும் இரண்டாம் பாகத்துக்கும் இடையில் கிஷிமோட்டோ எழுதியது. அனிமேவில் இடம் மாறி வந்திருக்கிறது. போர் ஆர்க்கின் (கதைப்பகுதியின்) மொத்தக் கனமும் இந்த இரண்டு எபிசோட்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

451–458 இத்தாச்சி, 484–488 சசுகே, 489–493 ஷிகமாரு, 494–500 திருமணம் ஆகியவை மாங்காவில் இல்லை, நாவல்களிலிருந்து எடுத்தவை. இவற்றை ஃபில்லர் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. 493 முடிந்ததும் 2014-இல் வந்த 'தி லாஸ்ட்' திரைப்படத்தைப் பார்த்துவிட்டு 494-க்குப் போங்கள். நருட்டோவும் ஹினாட்டாவும் எப்படிச் சேர்ந்தார்கள் என்பது அந்தப் படத்தில்தான் இருக்கிறது. அது தெரியாமல் கல்யாணத்துக்குப் போனால் அழைப்பிதழ் பார்க்காமல் பந்தியில் உட்கார்ந்தது போல இருக்கும்.

ப்ளீச்?

2004 முதல் 2012 வரை ஓடிய 366 எபிசோடில் 45 சதவீதத்தை ஒட்டி ஃபில்லர். நான்கு பெரிய தொகுதிகளைத் தெரிந்துவைத்தால் போதும்.

64–108 பவுன்ட்டுகள். 63-இல் சோல் சொசைட்டி கதை முடிகிறது, 109 கலப்பு, 110-இல் அர்ரான்கார் கதை தொடங்குகிறது. இந்தத் தொகுதியில் ரிரின், குரோடோ, நோபா என்ற மூன்று பொம்மைப் பாத்திரங்கள் அறிமுகமாகின்றன. அவை பின்னாலும் சில இடங்களில் தலைகாட்டும். யார் என்று தெரியாவிட்டாலும் கதைக்கு ஒன்றும் கெட்டுவிடாது.

168–189 மேலே சொன்ன அமாகாய் கதை. இது வந்து விழும் இடம்தான் கொடுமை. ஹுவேகோ முண்டோவில் எல்லாரும் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது கதை அப்படியே நின்று, அடுத்த எபிசோடில் எல்லாரும் சாவகாசமாக வேறிடத்தில் இருப்பார்கள். 167-லிருந்து நேராக 190-க்குப் போனால் சண்டை விட்ட இடத்தில் தொடரும்.

230–265 சன்பகுத்தோ கலகம். வாள்களுக்குள் இருக்கும் ஆவிகள் உருவெடுத்துத் தங்கள் எஜமானர்களையே எதிர்க்கின்றன. 255 வரை பார்க்கலாம் என்போம். கதைக்குத் தேவையில்லை என்றாலும் இந்த உலகத்துக்கு இயல்பாகப் பொருந்துகிற கற்பனை அது. அதற்குப் பின் வரும் பத்து எபிசோடும் வெறும் வால். 266-இல் இச்சிகோ–உல்கியோரா சண்டை திரும்புகிறது.

317–341 கோட்டே படையெடுப்பு. முழுக்கத் தாண்டிவிட்டு, மாங்காவிலிருந்து வரும் 342-ஐப் பார்த்து, 343-இல் ஃபுல்பிரிங் கதையைத் தொடங்கலாம்.

ஒன் பீஸில் ஃபில்லர் குறைவு என்கிறார்கள். ஆனால் அலுப்புத் தட்டுகிறதே?

இரண்டும் உண்மை. ஃபில்லர் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருக்கும். தொடரைத் தயாரிக்கும் டோயி நிறுவனம் தேர்ந்தெடுத்த வழி வேறு: புதுக்கதை எழுதுவதற்குப் பதிலாக, இருக்கும் கதையை மெதுவாக்குவது.

எண்களைப் பாருங்கள். தொடக்கத்தில் 53 எபிசோடில் 100 அத்தியாயம் முடிந்தது. எபிசோடுக்கு ஏறக்குறைய இரண்டு. டிரெஸ்ரோசா ஆர்க்கில் 700 முதல் 801 வரையிலான 102 அத்தியாயங்களுக்கு 629 முதல் 746 வரை 118 எபிசோட் எடுத்துக்கொண்டார்கள். ஒரு எபிசோடுக்கு ஒரு அத்தியாயம்கூட வரவில்லை. 2006-க்குப் பிறகு முடிவுப் பாட்டை எடுத்துவிட்டுத் தொடக்கப் பாட்டை இரண்டரை நிமிடமாக்கினார்கள். அதற்கு மேல் முன்கதைச் சுருக்கம், அதற்கு மேல் போன வாரக் கடைசிக் காட்சி மறுபடியும். புதிதாகக் கிடைப்பது 16, 17 நிமிடம்தான்.

இழுவையை அடையாளம் காண்பது சுலபம். ஒருவர் ஒரு வசனம் சொன்னதும் சுற்றியிருக்கும் பத்துப் பேரின் முகமும் தனித்தனியாக வரும். அசையாத படத்தின்மேல் கேமரா மட்டும் நகரும். மூன்று எபிசோட் முன்பு காட்டிய பழைய நினைவு மறுபடி ஓடும். ஓடுகிறவர் ஓடிக்கொண்டே இருப்பார்.

செய்யக்கூடியது மூன்று. தொடக்கப் பாட்டு முடிந்தபின் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் தள்ளி, புதுக்காட்சி தொடங்கும் இடத்துக்குப் போவது. வாரம் ஒன்றாகப் பார்க்காமல் நான்கைந்தைச் சேர்த்துப் பார்ப்பது. டிரெஸ்ரோசா போன்ற ஆர்க்குகளை மட்டும் மாங்காவில் படித்துவிட்டு, முக்கியச் சண்டை எபிசோடுகளைத் திரையில் பார்ப்பது. மூன்றாவதுதான் எங்களுக்குப் பிடித்தது. எய்ச்சிரோ ஓடா ஒரு பக்கத்தில் அடைத்து வைக்கும் விவரங்களை இந்த வேகத்தில் அனிமேவால் காப்பாற்ற முடியவில்லை. 1.25 மடங்கு வேகத்தில் ஓட்டுவதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். பின்னணி இசையும் நடிப்பும் சிதைவதால் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

தாண்ட வேண்டிய எண்களில் முக்கியமானவை: 131–143, 220–226, 279–283 (பெரும்பாலும் பழைய காட்சிகள்), 317–319, 326–336, 382–384. திரைப்படம் வரும் சமயத்தில் அதற்கு விளம்பரமாக எடுத்த சிறு தொகுதிகளும் உண்டு. 426–429 'ஸ்ட்ராங் வேர்ல்ட்' படத்துக்காக, 575–578 'இசட்' படத்துக்காக, 747–750 'கோல்டு' படத்துக்காக, 895–896 'ஸ்டாம்பீட்' படத்துக்காக, 1029–1030 'ரெட்' படத்துக்காக. படத்தைப் பார்ப்பதாக இருந்தால் அதற்கு முன் பாருங்கள்; இல்லையென்றால் விட்டுவிடலாம். 590 மற்ற இரண்டு தொடர்களோடு சேர்ந்த சிறப்பு எபிசோட்.

46–47 (பக்கி), 68–69 (கோபி, ஹெல்மெப்போ) இரண்டும் ஃபில்லர் போலத் தெரியும், ஆனால் அல்ல. மாங்காவில் அத்தியாயத்தின் முதல் பக்க ஓவியமாக வாராவாரம் ஓடா சொல்லும் துணைக்கதைகள் அவை. கோபி பின்னால் எப்படி வருகிறார் என்பதை எண்ணிப் பார்த்தால் 68-ஐயும் 69-ஐயும் விட மனம் வராது.

பட்டியலைப் பார்த்துத்தான் தாண்டினேன். இருந்தும் கதை புரியவில்லை. எங்கே பிசகியது?

பெரும்பாலும் ஓரத்தில்தான் பிசகும். ஃபில்லர் தொகுதியின் முதல் எபிசோடின் ஆரம்பத்திலும், கடைசி எபிசோடின் முடிவிலும் மாங்காவின் ஓரிரு பக்கத்தை ஒட்டவைப்பது வழக்கம். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு சாவுச் செய்தியோ, ஒருவர் ஊர் திரும்பியதோ இருந்துவிட்டால் அவ்வளவுதான். ஆகவே தொகுதியைத் தாண்டும்போது முதல் எபிசோடின் முதல் ஐந்து நிமிடத்தையும் கடைசி எபிசோடின் கடைசி ஐந்து நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது எண் குழப்பம். ஓடிடி தளங்கள் சீசன் சீசனாக வெட்டி, ஒவ்வொன்றையும் 1-இலிருந்து எண்ணும். டப் பதிப்பில் சிறப்பு எபிசோடை இரண்டாகப் பிரித்திருப்பார்கள், அல்லது விட்டிருப்பார்கள். எண்ணை நம்பாமல் எபிசோட் தலைப்பை ஒப்பிடுங்கள். தலைப்பும் மாறியிருந்தால் ஜப்பானில் ஒளிபரப்பான தேதிதான் கடைசி ஆதாரம். அது எங்கும் மாறாது.

மூன்றாவது, பட்டியல் போடுகிறவர்களுக்குள்ளேயே கலப்பு எபிசோடுகளில் ஒற்றுமை இல்லை. ஒருவர் ஃபில்லர் என்பதை இன்னொருவர் கேனன் (மூலக்கதை) என்பார். சந்தேகம் வந்தால், அந்த எபிசோடுக்கு எந்த அத்தியாயம் அடிப்படை என்று ரசிகர் விக்கிப் பக்கத்தில் பாருங்கள். அத்தியாய எண் ஒன்றாவது இருந்தால் பார்த்துவிடுவது நல்லது.

ஃபில்லர் என்றாலும் பார்த்தே ஆக வேண்டியது எது?

ஒன் பீஸ் 196 முதல் 206 வரை, ஜி-8 கோட்டை. இதைப் பார்க்காமல் ஃபில்லரே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். வானத்துத் தீவிலிருந்து கப்பல் இறங்கும்போது நேராக ஒரு கடற்படைக் கோட்டைக்குள் விழுகிறது. மாலுமிகள் சிதறிப்போகிறார்கள். ஒருவர் சமையலறையில், ஒருவர் மருத்துவமனையில், ஒருவர் சிறையில். கோட்டைத் தளபதி ஜொனாதன் முட்டாள் அல்ல. மீன் பிடித்தபடியே இவர்களின் அடுத்த நகர்வைக் கணக்குப் போடுகிறவர்.

இது ஏன் எடுபட்டது? ஃபில்லருக்கான தடைகளை எழுதியவர்கள் சாதகமாக்கிக்கொண்டார்கள். புதுச் சக்தி கூடாது என்பதால் சண்டையைக் குறைத்து, தப்பிக்கும் தந்திரத்தைக் கதையாக்கினார்கள். கண்ணீர்க் கதை சொல்லும் விருந்தாளிப் பாத்திரத்தை நம்பாமல், சஞ்சி சமையலாலும் சாப்பர் வைத்தியத்தாலும் அந்தக் கோட்டை ஆள்களின் மனத்தை வெல்வதைக் காட்டினார்கள். 195-இல் வானத்துத் தீவுக் கதை முடிந்து, 207-இல் அடுத்த ஆர்க் தொடங்குவதால் எந்தச் சண்டையையும் பாதியில் வெட்டவில்லை. 11 எபிசோடில் முடித்தும்விட்டார்கள்.

அடுத்து ஷிப்புடென் 349–361. ஒபிட்டோவைப் பற்றிய உண்மை தெரிந்த பிறகு வருவதால் ககாஷியின் தனிமை கனக்கிறது; யமாட்டோவின் பழைய வாழ்க்கையும் இதில் உண்டு. டிராகன் பால் இசட்டில் கோக்குவும் பிக்கொலோவும் கார் ஓட்டக் கற்கும் 125-ஆவது எபிசோட். அவ்வளவுதான், மற்றவை அவரவர் ரசனை.

ஃபில்லரில் பிறந்த பாத்திரம் மாங்காவுக்குள் போனதுண்டா?

உண்டு. துப்பறியும் கோனனில் வரும் தகாகி, முதலில் அனிமேவில் பெயரில்லாத போலீஸ்காரராக வந்தவர். குரல் கொடுத்த வதாரு தகாகியின் பெயரே பாத்திரத்துக்கும் அமைந்தது. பிறகு ஆசிரியர் கோஷோ அவோயாமா அவரை மாங்காவுக்குள் எடுத்துக்கொண்டார். இன்று அவர் இல்லாமல் போலீஸ் தலைமையகக் கதைகளை நினைத்துப் பார்க்க முடியாது.

கோனனிலும் தாண்ட வேண்டுமா?

தேவையில்லை. 1996-இலிருந்து ஓடும் அந்தத் தொடரில் அனிமேவுக்கென்றே எழுதிய வழக்குகள் நிறைய. ஒவ்வொன்றும் தன்னளவில் முடிந்துவிடுவதால் ஓட்டம் கெடுவதில்லை. கறுப்பு அமைப்புக் கதை மட்டும் வேண்டும் என்றால் அந்த எபிசோடுகளை மட்டும் தேடிப் பாருங்கள்.

டிராகன் பால் இசட் பார்ப்பதா, டிராகன் பால் காய் (Kai) பார்ப்பதா?

முதல்முறை என்றால் காய். இசட் 1989 முதல் 1996 வரை 291 எபிசோட்; மாங்காவில் அதற்கு உரியவை 195 முதல் 519 வரையிலான 325 அத்தியாயங்கள். அகிரா டோரியாமாவின் அத்தியாயங்கள் 15 பக்கத்தை ஒட்டித்தான் இருக்கும். எபிசோடுக்கு ஒன்றைச் சொச்சம் தாண்டாத இந்த வேகத்தில்தான், நாமெக் கிரகம் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று ஃபிரீசா சொன்னபின் பல வாரம் சண்டை நடந்தது.

2009-இல் டோயியே இதை மறுபடி வெட்டித் தொகுத்துக் காய் என்று வெளியிட்டது. செல் கதை முடியும் வரை இசட்டில் 194 எபிசோட். காயில் அது 97 எபிசோடாக ஒளிபரப்பானது. சரி பாதி. கார்லிக் ஜூனியர் கதை (108–117) போய்விட்டது. ஆனால் அந்தக் கார் ஓட்டும் எபிசோடும் போய்விட்டது. அதை மட்டும் இசட்டில் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நருட்டோவின் தொடர்ச்சியான போருட்டோவில் பாதிக்கு மேல் மாங்காவில் இல்லையே? எல்லாம் ஃபில்லரா?

அங்கே அளவுகோலே வேறு. மாங்கா மாதம் ஒருமுறை வரும். ஆண்டுக்கு 12 அத்தியாயம். அனிமே 2017 முதல் 2023 வரை வாராவாரம் ஓடி 293 எபிசோட் முடித்தது. மாங்காவின் முதல் பாகம் மொத்தமே 80 அத்தியாயம். மாங்காவை மட்டும் நம்பியிருந்தால் தொடரே சாத்தியமில்லை. தொடக்கத்திலிருந்தே அனிமேவுக்கென்று கதை எழுதுவதாகத்தான் திட்டம். மாங்காக் கதை மட்டும் வேண்டுபவர்கள் மாங்காவையே படித்துவிடுவது உத்தமம்.

ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் 2003-இல் வந்தது ஃபில்லரா?

இல்லை. ஃபில்லர் என்றால் மாங்காவுக்குத் திரும்பி வர வேண்டும். 51 எபிசோட் கொண்ட அந்தத் தொடர் மாங்கா பாதியில் இருக்கும்போதே பிரிந்து, தனக்கென்று ஒரு முடிவைத் தேடிக்கொண்டது. 2009-இல் வந்த 64 எபிசோட் தொடர் மாங்காவின் வழியில் போகிறது. இரண்டும் தனித்தனிப் படைப்பு, இரண்டையும் பார்க்கலாம்.

புதுத் தொடர்களில் ஃபில்லர் ஏன் அரிதாகிவிட்டது?

வருமானம் வரும் வழி மாறியதால். உலகெங்கும் ஓடிடி உரிமம் விற்கிறபோது, வாராவாரம் டிவி இடத்தைக் காப்பாற்றும் கட்டாயம் தளர்கிறது. 12 அல்லது 24 எபிசோட் கொண்ட சீசனாக எடுத்து, கையிருப்பு சேரும்வரை நிறுத்திவைக்கலாம். இதற்கு நாம் கொடுக்கும் விலை காத்திருப்பு: ஒரு சீசனுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓராண்டு, சிலசமயம் அதற்கு மேலும். ப்ளீச்சே இதற்குச் சாட்சி. 2012-இல் நின்ற தொடர், மாங்கா 2016-இல் முடிந்து, 2022 அக்டோபரில் இறுதி ஆர்க்கோடு திரும்பியது. பழைய பாணி நெடுந்தொகுதி ஃபில்லருக்கு அதில் வேலையே இல்லை.

1999-இலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஒன் பீஸும் மாறிவிட்டது. 2024 அக்டோபரில் ஆறு மாதம் நின்றது. 2026 ஏப்ரலில் எல்பாஃப் ஆர்க்கோடு தொடங்கி ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோட் மட்டுமே என்று அறிவித்தார்கள். டிரெஸ்ரோசா காலத்தில் இந்த முடிவை எடுத்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எங்களுக்கு உண்டு.

அனிமேவை விட்டு மாங்காவுக்குத் தாவினால் எங்கிருந்து படிப்பது?

நருட்டோ 135-ஆவது எபிசோட் முடித்தவர்கள் 239-ஆவது அத்தியாயத்திலிருந்து; இரண்டாம் பாகம் 245-இல் தொடங்குகிறது. ப்ளீச் 366 முடித்தவர்கள் 480-இலிருந்து. ஹன்டர் × ஹன்டர் 2011 தொடரின் 148 எபிசோடும் பார்த்தவர்கள் 340-இலிருந்து. ஒன் பீஸ் 746 பார்த்தவர்கள் 802-இலிருந்து.

எண் சரியாக இருந்தாலும் மூன்று நான்கு அத்தியாயம் பின்னால் போய்த் தொடங்குங்கள். அனிமேவில் காட்சிகளை முன்பின்னாக மாற்றியிருப்பார்கள். சின்ன வசனங்கள் விட்டுப்போயிருக்கும். ஷோனென் ஜம்ப் இதழின் பதிப்பகமான ஷுவெய்ஷாவின் மாங்கா பிளஸ் செயலியில் முதல் சில அத்தியாயங்களும் கடைசியாக வந்த சில அத்தியாயங்களும் இலவசம். தமிழில் இல்லை, ஆங்கிலத்தில் படிக்கலாம். நடு அத்தியாயங்களுக்கு ஷோனென் ஜம்ப் சந்தா இந்தியாவிலும் கிடைக்கிறது.